எதிர்ப்பு ஜீன் இருந்தும் குலை நோய் வருவது ஏன்? பூஞ்சை சுரக்கும் புரதங்கள் பற்றி

கேள்வி: கோரையாறு

வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கத்துச் சம்பா வயல்களிலிருந்து குலை நோய்ப் பூஞ்சையைச் சேகரித்து, எந்த எதிர்ப்பு ஜீன் இங்கே தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க ஒரு முதுகலைத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிபிடி 5204 என்ற சம்பா மசூரி ரகத்துக்குக் குலை நோயும் வரும், பாக்டீரியா இலைக்கருகலும் வரும். ஆனாலும் சன்ன அரிசிக்கு விலை கிடைக்கிறவரை விவசாயிகள் அதை விடமாட்டார்கள். அதே அரிசிக்குள் எதிர்ப்பு ஜீனைச் சேர்த்த வரிசைகளைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பூஞ்சை எஃபெக்டர் என்கிற புரதங்களைச் சுரந்து பயிரின் எதிர்ப்பை அடக்குகிறது, எதிர்ப்பு ஜீன் அந்தப் புரதத்தை அடையாளம் காண்கிறது என்பது வரை தெரியும். அதற்கு மேல் மூன்று இடத்தில் தடுக்குகிறது.

1. இந்தப் புரதங்கள் நெல் செல்லுக்குள் போய் உண்மையில் எதைப் பிடிக்கின்றன?

2. பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் சோதனை) பூஞ்சையின் ஏவிஆர் ஜீனுக்கு, அதாவது எதிர்ப்பு ஜீன் அடையாளம் காணும் எஃபெக்டரின் ஜீனுக்கு, பட்டை தெளிவாக வருகிறது. அதை அடையாளம் காண வேண்டிய எதிர்ப்பு ஜீன் உள்ள நாற்றிலேயே சாம்பல் நடுவோடு புள்ளி பெரிதாகிறது. இது எப்படி?

3. இலைக்கருகல் பாக்டீரியாவுக்கும் இதே கணக்குதானா?

கையில் இருப்பவை பிசிஆர் இயந்திரம், லேமினார் அறை, இன்குபேட்டர், சாதாரண நுண்ணோக்கி. வரிசைப்படுத்த மாதிரியை வெளியேதான் அனுப்ப வேண்டும்.

---

பதில்: வித்துத்தூள்

முதல் கேள்வியை நேர வரிசையில் பாருங்கள், பிடிபடும்.

வித்து இலையில் ஒட்டி முளைத்து, சில மணி நேரத்தில் அப்ரசோரியம் என்ற துளைக்கும் உறுப்பைக் கட்டுகிறது. அதன் சுவரில் மெலனின் படிந்ததும் உள்ளே கிளிசரால் சேர்ந்து அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறுகிறது. அந்த வலுவில் இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் முதல் செல்லுக்குள் இறங்குகிறது. இதுவரை நடந்தது வெறும் உடல் பலம். புரதங்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே போன இழையைச் செல் சவ்வு சுற்றி மூடியபடியே இருக்கும். செல் உடனே சாவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள் பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் தேவை. அந்தச் செல்லை விழிக்கவிடாமல் வைத்திருக்கச் சுரக்கும் புரதங்களில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, இழைக்கும் செல் சவ்வுக்கும் இடையில் உள்ள இடைவெளியிலேயே தங்குவது. ஸ்லப்1 நல்ல உதாரணம். பூஞ்சைச் சுவரிலிருந்து உதிரும் கைட்டின் துணுக்குகளை நெல்லின் செபிப் என்ற ஏற்பி பிடித்தால் எச்சரிக்கை கிளம்பும். ஸ்லப்1 அந்தத் துணுக்குகளைத் தானே முந்திப் பிடித்துக்கொள்கிறது. ஏற்பிக்கு ஒன்றும் எட்டாது.

இன்னொன்று, செல்லுக்குள்ளேயே அனுப்பப்படுவது. இழையின் நுனிப் பக்கம் பிஐசி (BIC) என்றொரு குமிழ் போன்ற அமைப்பு உருவாகும். பிடபிள்யூஎல்2, ஏவிஆர்-பிடா போன்ற புரதங்கள் அங்கே குவிந்து சைட்டோபிளாசத்துக்குள் போகின்றன. இரண்டு வகைக்கும் சுரப்புப் பாதையே வேறு. வழக்கமான சுரப்பை நிறுத்தும் பிரெஃபெல்டின்-ஏ என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் முதல் வகை நின்றுவிடும், இரண்டாம் வகை பிஐசியில் தொடர்ந்து சேரும். 2013-இல் வந்த முடிவு இது.

உள்ளே போனவை பிடிப்பது ஒரே இடத்தை அல்ல. ஏவிஆர்பிஸ்-டி, ஏபிஐபி6 என்ற நெல் புரதத்தைச் சிதைக்கிறது. அதனால் தற்காப்புக்காகச் செல் கிளப்பும் ஆக்சிஜன் வெடிப்பு மங்குகிறது. ஏவிஆர்-பிக், எச்எம்ஏ (உலோகம் பிடிக்கும் வகை) மடிப்பு கொண்ட சிறிய நெல் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது.

இந்த எச்எம்ஏ விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நெல்லின் பிக்-1 என்ற எதிர்ப்புப் புரதத்துக்குள் அதே எச்எம்ஏ மடிப்பு ஒட்டவைத்தாற்போல் இருக்கிறது. தூண்டிலில் கோத்த புழு மாதிரி. ஏவிஆர்-பிக் தன் வழக்கமான இலக்கு என்று அதைக் கவ்வியதும் பிக்-1, பிக்-2 இணை விழித்து அந்தச் செல்லைச் சாகடிக்கிறது. உயிருள்ள செல் தேவைப்படும் பூஞ்சை அங்கேயே முடங்குகிறது. இலையில் தெரிவது ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி மட்டும்.

எதிர்ப்பு ஜீன் பூஞ்சையைப் பார்ப்பதே இல்லை. ஒரு குறிப்பிட்ட புரதத்தைத்தான் பார்க்கிறது. "குலை நோய் எதிர்ப்பு ரகம்" என்று பொதுவாகச் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. உங்கள் வட்டாரப் பூஞ்சை எதைச் சுரக்கிறது என்று தெரியாமல் அந்தப் பெயருக்குப் பொருள் கிடையாது.

கோ 39 இதற்கு நம்மூர்ச் சான்று. கோயம்புத்தூரில் உருவான ரகம், குலை நோய்க்கு எளிதில் இரையாவது என்று உலகம் முழுக்கச் சோதனைகளில் வைக்கிறார்கள். அதனிடமும் ஒரு எதிர்ப்பு ஜீன் இணை இருக்கிறது. அது அடையாளம் காணும் ஏவிஆர்1-கோ39 என்ற புரதத்தை நெல்லைத் தாக்கும் பெரும்பாலான பூஞ்சைகள் இழந்துவிட்டன. காவல் இருக்கிறது, பார்க்க வேண்டிய ஆள் வருவதில்லை.

---

பதில்: அரசலாறு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பட்டை வருவதால் ஜீன் வேலை செய்கிறது என்று ஆகாது. நீங்கள் சொல்லும் நிலைக்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம். சோதிக்க எளிதானதிலிருந்து போங்கள்.

முதலில் நாற்றைச் சந்தேகியுங்கள். விதைக் கலப்பு இருக்கலாம். எதிர்ப்பு ஜீனுக்கு நீங்கள் பயன்படுத்திய மார்க்கர் (ஜீன் இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) ஜீனுக்கு வெளியே, பக்கத்தில் உள்ளதாக இருந்தால், மார்க்கர் வந்து ஜீன் வராமலும் போகலாம். பெரிய புள்ளி வந்த அதே நாற்றின் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஜீனுக்கு உள்ளேயே விழும் பிரைமரால் (பிசிஆர் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பாருங்கள். தட்டில் பக்கத்து நாற்றில் எடுத்துப் பயனில்லை.

அடுத்தது பூஞ்சை ஒற்றை வித்திலிருந்து வந்ததா என்பது. ஒரே இலைப்புள்ளியில் இரண்டு வகை கலந்திருந்தால், பட்டை ஒன்றிலிருந்து வரும், நோய் இன்னொன்றிலிருந்து வரும். வயலில் எடுத்த இலையைக் காகித உறையில் நிழலில் உலர்த்துங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து, அழுகல் பூஞ்சைகள் மேலேறிவிடும். பிறகு புள்ளியின் ஓரத் துண்டை ஈரத் தாள் வைத்த பெட்ரித் தட்டில் ஒரு நாள் வையுங்கள். சாம்பல் வித்துகள் எழும்பும். அவற்றை 2 சதவீத வாட்டர் அகரில் மெல்லியதாகப் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்தே ஒரு வித்தை மட்டும் எடுக்க வேண்டும். மூன்று அறை கொண்ட பேரிக்காய் வடிவம், தவறவே முடியாது. வரப்புப் புல்லிலும் கேழ்வரகிலும் இதே வடிவ வித்து கிடைக்கும். அவை வேறு மரபுவழி. நெல் இலையில் எடுத்ததோடு கலக்காதீர்கள்.

மூன்றாவது காரணம் புள்ளி மாற்றம். ஏவிஆர்-பிக்கில் ஏ, சி, டி, ஈ என்று வடிவங்கள் உண்டு, வேறுபாடு ஓரிரு அமினோ அமிலம்தான். நெல்லின் பிக் எதிர்ப்பு ஜீனிலும் வகைகள் உண்டு: பிக்பி ஜீன் டி வடிவத்தை மட்டும் பிடிக்கும். பிக்எம் ஜீன் டி, ஈ, ஏ மூன்றையும் பிடிக்கும். சி வடிவம் இரண்டுக்கும் தப்பிவிடும். ஈ-க்கும் சி-க்கும் இடையில் 67-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டுமே வேறு! பிசிஆர் ஜெல்லில் எல்லாமே ஒரே உயரத்தில்தான் நிற்கும். இந்த ஜீன் மிகச் சிறியது, புரதமே 113 அமினோ அமிலம்தான். ஆகவே பிசிஆர் விளைபொருளைச் சாங்கர் வரிசைப்படுத்தலுக்கு அனுப்புவதில் பெரிய செலவில்லை. பிசிஆரோடு நின்றுவிடும் ஆய்வேட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான்காவது, புரமோட்டரில் (ஜீனை இயக்கும் முன்பகுதி) நுழைந்த தாவும் ஜீன். ஏவிஆர்பிஸ்-டியின் முன்பகுதியில் பாட்3 என்ற தாவும் ஜீன் நுழைந்து அந்த ஜீனையே ஊமையாக்கிய வகை பதிவாகியிருக்கிறது. உங்கள் பிரைமர் இரண்டும் ஜீனுக்குள்ளேயே விழுந்தால் இது கண்ணில் படாது. முன்பகுதியை 1,000 டிஎன்ஏ எழுத்தாவது சேர்த்துப் பெருக்குங்கள். எதிர்பார்த்ததைவிடப் பட்டை மேலே நின்றால், அல்லது வராமலே போனால், அங்கே ஏதோ நுழைந்திருக்கலாம்.

ஐந்தாவது, ஒத்த ஜீன். ஏவிஆர்-பிடாவுக்குக் குடும்பமே உண்டு. ஏவிஆர்-பிடா1, ஏவிஆர்-பிடா2 இரண்டையும் பிடா எதிர்ப்பு ஜீன் உள்ள நெல் அடையாளம் காணும்; ஏவிஆர்-பிடா3-ஐக் காணாது. பொதுவான பிரைமர் மூன்றையும் பெருக்கிக் காட்டும்.

ஜீன் வெளிப்படுகிறதா என்று ஆர்என்ஏவில் பார்ப்பதானால், ஓட்மீல் தட்டில் வளர்த்த இழையில் தேடாதீர்கள். பெரும்பாலான எஃபெக்டர் ஜீன்கள் பயிருக்குள் போன பிறகுதான் இயங்கும். இலையுறைச் சோதனை செய்யுங்கள்: மூன்று நான்கு வார நாற்றின் உறையை 5 செ.மீ. அளவுக்கு வெட்டி, உட்குழிவில் வித்து நீரை நிரப்பி, ஈரப் பெட்டியில் படுக்கையாக வைத்து, 30 முதல் 36 மணி நேரத்தில் உட்தோலை உரித்து ஆர்என்ஏ எடுக்க வேண்டும். தாமதித்தால் செல்கள் செத்து, கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சையின் பிந்தைய கட்டமாக இருக்கும்.

பட்டை வராதபோதும் அவசரப்படாதீர்கள். அதே டிஎன்ஏவில் எப்போதும் இருக்க வேண்டிய ஆக்டின் ஜீன் வருகிறதா என்று பார்த்த பிறகே "இழந்துவிட்டது" என்று எழுதலாம்.

---

பதில்: நாற்றங்கால்

அரசலாறு சொன்னதோடு தெளிப்புச் சோதனையின் அளவுகளையும் சேர்க்கிறேன். இங்கே தவறினால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

ஓட்மீல் அகரில் 26 முதல் 28 டிகிரி செல்சியஸில் 10 முதல் 14 நாள் வளருங்கள். கடைசி மூன்று நாள் மேலிழையைத் தூரிகையால் தேய்த்து நீக்கி, விளக்கு வெளிச்சத்தில் திறந்து வைத்தால் வித்து நிறைய வரும். நீரில் கரைத்து மஸ்லின் துணியில் வடித்து, மில்லிக்கு 1 லட்சம் வித்து என்று ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணுங்கள். வித்து நீர் இலையில் பரவி ஒட்ட ட்வீன் 20-ஐ 0.02 சதவீதம் சேருங்கள். அதற்கு மேல் போனால் முளைப்பு கெடும். 3 முதல் 4 இலை நாற்று, அதாவது சுமார் 21 நாள். தெளித்ததும் 24 மணி நேரம் இருட்டு, இலையில் ஈரம் காயக்கூடாது. ஏழாம் நாள் மதிப்பெண்.

தட்டில் மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பூஞ்சை வித்துவிடும் திறனையும் தாக்கும் திறனையும் இழக்கும். அப்போது எல்லா ரகமும் எதிர்ப்பு ரகமாகத் தெரியும். ஒற்றை வித்து வகையை முதலிலேயே வடிதாள் துண்டுகளில் வளர்த்து உலர்த்தி, மைனஸ் 20-இல் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதுத் துண்டிலிருந்து தொடங்குங்கள்.

சித்திரை, வைகாசியில் கண்ணாடிக் கூடத்தில் இந்தச் சோதனை வேண்டாம். 35 டிகிரியில் நோய் வராததை எதிர்ப்பு என்று எழுதிவிடுவீர்கள். டெல்டாவில் கார்த்திகை முதல் தை வரை பனியும் இரவுக் குளிரும் உங்களுக்கு உதவும்.

ஒப்பீட்டுக்குப் பலரும் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்ப்பு ஜீன் மட்டும் சேர்த்த ஒற்றை ஜீன் வரிசைகளைக் கேட்பார்கள். அவற்றின் பின்னணி எல்டிஎச் என்ற யுன்னான் ஜப்போனிகா. நம் வெக்கையில் அது நோஞ்சானாக வளரும், சத்துக் குறைவுப் புள்ளியையும் நோய்ப் புள்ளியையும் பிரிப்பது பாடு. கோ 39 பின்னணியில் செய்த வரிசைகளும் உண்டு, நாற்று இங்கே நன்றாக வரும். கிடைத்தால் இரண்டையும் வையுங்கள்.

தழைச்சத்து எல்லாத் தட்டிலும் ஒரே அளவாக இருக்கட்டும். தழை கூடினால் ஒரே நாற்றில் புள்ளி பெருகும்.

சேகரிப்பு பற்றி ஒன்று. பிபிடி 5204-இல் எடுத்த மாதிரி, வயலில் சாதாரணமாக என்ன உலவுகிறது என்று சொல்லும். எதிர்ப்பு ஜீன் உள்ள வரிசையில் தப்பித்தவறி வந்த ஒரு புள்ளி, எது அதைத் தாண்டிவிட்டது என்று சொல்லும். இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுமே பொய்யாகும்.

---

பதில்: வித்துத்தூள்

மூன்றாவது கேள்வி. இலைக்கருகலில் கணக்கு வேறு. எனக்கு இது குலை நோயைவிட அழகான ஏற்பாடாகப் படுகிறது.

சாந்தோமோனாஸ் பாக்டீரியா இலை விளிம்பின் நீர்த்துளைகள் வழியாகவோ, புயல் காற்றில் கிழிந்த இடம் வழியாகவோ சைலக் குழாய்க்குள் போகிறது. அங்கிருந்து ஊசி போன்ற மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பால் பக்கத்துச் செல்லுக்குள் டேல் புரதங்களைச் செலுத்துகிறது. இவை நேராக உட்கருவுக்குப் போய் நெல்லின் டிஎன்ஏ மீதே உட்கார்ந்து, தனக்கு வேண்டிய ஜீனை இயக்குகின்றன. சர்க்கரையை வெளியே கடத்தும் ஸ்வீட் ஜீன்கள்தான் முக்கிய இலக்கு. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு நெல்லே கொண்டுவந்து கொடுக்கிறது.

எந்த ஜீன் என்று தேர்வது எப்படி? டேல் புரதத்தில் 34 அமினோ அமில அளவுள்ள துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டிலும் 12, 13-ஆம் இடம் மட்டும் மாறும். அங்கே எச்டி (அமினோ அமிலக் குறி) இருந்தால் டிஎன்ஏவின் சி எழுத்தைப் பிடிக்கும், என்ஐ இருந்தால் ஏ, என்ஜி இருந்தால் டி. 2009-இல் இந்தக் குறியீடு விளங்கியது.

நடைமுறைக்கு வேண்டியது இதுதான். பிடிஎச்எக்ஸ்ஓ1 என்ற டேல் உள்ள பாக்டீரியா ஸ்வீட்11-ஐ இயக்கும். ஏவிஆர்எக்ஸ்ஏ7, பிடிஎச்எக்ஸ்ஓ3 உள்ளவை ஸ்வீட்14-ஐ இயக்கும். பிடிஎச்எக்ஸ்ஓ2 ஸ்வீட்13-ஐ. எக்ஸ்ஏ13 என்ற ஒடுங்கு எதிர்ப்பு ஜீன் (இரு பிரதியிலும் இருந்தால்தான் வேலை செய்வது) என்பது ஸ்வீட்11-இன் புரமோட்டர் மாறிப்போன வடிவம். டேல் உட்கார இடமில்லை. ஆகவே அது பிடிஎச்எக்ஸ்ஓ1-ஐ மட்டும் தடுக்கும். ஸ்வீட்14 வழி போகும் பாக்டீரியாவுக்கு அது தடையே அல்ல.

டேல் ஜீன்களைப் பிசிஆரில் பிரிக்க முயலாதீர்கள். ஒரே பாக்டீரியாவில் பத்துக்கு மேல் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரித் துண்டுகள். பட்டை இழுவிக்கொண்டு வரும். குறுகிய வரிசைத் துணுக்குகளை ஒட்டினாலும் தவறாகவே ஒட்டும், நீள வரிசைப்படுத்தல் வேண்டும். உங்கள் வசதிக்கு நெல் பக்கமிருந்து பாருங்கள்: ஐஆர் 24 போன்ற எளிதில் நோய் வரும் ரகத்தின் மூன்று வார நாற்று இலையில் ஊசியில்லாத சிரிஞ்சால் பாக்டீரியாவை ஏற்றி, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் இலையை எடுத்து, ஸ்வீட்11, 13, 14 மூன்றுக்கும் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவிலிருந்து ஜீன் இயங்குவதைப் பார்க்கும் பிசிஆர்). தண்ணீர் ஏற்றிய இலையும் ஆக்டினும் ஒப்பீட்டுக்கு. எது எழும்புகிறதோ அது பாக்டீரியாவின் கையிருப்பைச் சொல்லிவிடும்.

ஐதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி, 2008-இல் வெளிவந்த மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 மூன்றும் இருக்கின்றன. மூன்றும் மூன்று இடத்தில் அடிப்பதுதான் அதன் பலம். எக்ஸ்ஏ13 பற்றிச் சொன்னேன். எக்ஸ்ஏ5, டேல் புரதங்கள் துணைக்கு அழைக்கும் நெல் புரதத்தில் ஓர் அமினோ அமில மாற்றம். எக்ஸ்ஏ21 செல்லுக்கு வெளியிலேயே நின்று, பாக்டீரியா சுரக்கும் ராக்ஸ்-எக்ஸ் என்ற சிறு பெப்டைடைப் பிடிக்கும் ஏற்பி. ஒரு பாக்டீரியா மூன்றையும் ஒரே நேரத்தில் தாண்டுவது கடினம். ஆனால் குலை நோய்க்கு இந்த மூன்றும் எந்தக் காப்பும் தராது. பிபிடிக்குப் பதில் இதை நட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று உங்கள் விவசாயிகள் நினைத்துவிடக் கூடாது.

எக்ஸ்ஏ21 நாற்றில் வலுவில்லாமல் இருந்து, பயிர் முதிர முதிரத்தான் முழு வேலை செய்யும். 20 நாள் நாற்றில் சோதித்துவிட்டு "எக்ஸ்ஏ21 விழுந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். தூர் கட்டும் பருவத்தில், 40 முதல் 45 நாளில், மில்லிக்கு 10 கோடி முதல் 100 கோடி பாக்டீரியா உள்ள நீரில் கத்தரிக்கோலைத் தோய்த்து இலை நுனியை 2 செ.மீ. வெட்டுங்கள். 14-ஆம் நாள் கருகலின் நீளத்தை அளங்கள். 5 செ.மீ.க்குள் நின்றால் எதிர்ப்பு, 15-ஐத் தாண்டினால் இல்லை.

---

கோரையாறு

மூவருக்கும் மிக்க நன்றி. பிரைமர்களை முன்பகுதி சேர்த்து மாற்றி எழுதுகிறேன். இன்னும் ஒன்று: திட்டத்தில் மருந்துத் தெளிப்பு ஒப்பீடும் வைக்கச் சொல்கிறார்கள். டிரைசைக்ளசோல் தெளித்த வயலில் எஃபெக்டர் பற்றிய முடிவுகள் மாறுமா? இலையுறைக் கருகலையும் இதே முறையில் சேர்த்துக்கொள்ளலாமா?

---

பதில்: அரசலாறு

டிரைசைக்ளசோல் மெலனின் உற்பத்தியைத் தடுக்கிறது. மெலனின் இல்லாவிட்டால் அப்ரசோரியத்தில் அழுத்தம் ஏறாது, பூஞ்சை உள்ளேயே வராது, எஃபெக்டர் சுரக்கும் கட்டமே வராது. ஆகவே தெளித்த பாத்தியில் எதிர்ப்பு ஜீன்களை ஒப்பிட முடியாது. இரண்டையும் தனித்தனிப் பாத்தியில் வையுங்கள். புள்ளி கண்ணில் தெரிய நான்கைந்து நாள் ஆகும். அந்தப் புள்ளியில் பூஞ்சை எப்போதோ உள்ளே போய்விட்டது, அதை இந்த மருந்து குணமாக்காது. புதிதாக விழும் வித்துகளைத்தான் தடுக்கும். கழுத்துக் குலைக்குக் கதிர் வெளிவரத் தொடங்கும்போதே லிட்டருக்கு 0.6 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். கதிர்க் கழுத்து கறுத்த பிறகு தெளிப்பது பணத்துக்குத்தான் கேடு. புள்ளி தெரியும் வயலில் யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இலையுறைக் கருகலைச் சேர்க்க வேண்டாம். ரைசோக்டோனியாவுக்குச் செத்த செல்தான் உணவு. அது சுரக்கும் புரதங்கள் பலவும் செல்லைச் சாகடிக்கவே செய்கின்றன. குலை நோயில் பயிரைக் காப்பாற்றும் அதே செல் சாவு, அங்கே நோய்க்கு வழிவிடும். முழுமையாகத் தடுக்கும் பெரிய எதிர்ப்பு ஜீன் எதுவும் நெல்லில் அதற்கு இதுவரை கிடைக்கவில்லை. உங்கள் ஏவிஆர் பட்டியல், ஒற்றை ஜீன் வரிசைகள், மதிப்பெண் முறை எதுவும் அதற்குப் பொருந்தாது. அது தனித் திட்டமாக, நடவு நெருக்கம், தழைச்சத்து, வயலில் தண்ணீர் நிற்கும் நாள் என்று வேறு அளவுகளோடு போக வேண்டும்.